விளையாட்டுக்குள் புகுந்த பாட்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்ததைப் படித்தேன். ஆன்லைன் விளையாட்டுகளில் பாட், அதாவது ஆளில்லாமல் தானாக ஆடும் புரோகிராம், வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று பிள்ளைகள் புலம்புகிறார்களாம், செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று முடித்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் படித்துவிட்டு இரண்டு நாள் மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

பெரியகுளத்தில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட், ஆறு கம்ப்யூட்டர். வயது 34. கல்லூரிக் காலத்திலிருந்து ஆன்லைனில் ஆடுகிறேன், இன்றைக்கும் கடை அடைத்த பிறகு ஒரு மணி நேரமாவது ஆடுவேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது, சீரியல் பார்ப்பவர்கள் யாரும் வெட்கப்படுவதில்லையே.

முதலில் பாட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சின்ன வயதில் தெருக் கிரிக்கெட்டில் முதல் பந்தில் அவுட் ஆனதும் அது ட்ரையல் பால் என்று சொல்லி பேட்டைக் கொடுக்காமல் நிற்கும் பையன் ஒருத்தன் எல்லாத் தெருவிலும் இருப்பான். அழுகுணி ஆட்டம் ஆடுகிறான் என்று விரட்டுவோம், மறுநாள் அவனே வந்து ஓரமாக நிற்பான், சேர்த்துக்கொள்வோம். என்ன இருந்தாலும் அவன் ஆடத்தான் வந்தான். பாட் விஷயத்தில் அந்தப் பக்கம் ஆளே கிடையாது. யாரோ ஒருவர் ஒரு கம்ப்யூட்டரில் புரோகிராமை ஓடவிட்டுவிட்டு எழுந்து போயிருப்பார், தூங்கிக்கூட இருப்பார். அது தானாக ஆட்டத்துக்குள் நுழையும், தானாகச் சுடும், ஆட்டம் முடிந்ததும் தானாக அடுத்த ஆட்டத்தைத் தேடிப் போகும். ராத்திரி பகல் கிடையாது, குறி தப்பாது, போரடிக்காது.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விளையாட்டை வைத்தே சொல்கிறேன். டீம் ஃபோர்ட்ரஸ் 2. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2007 அக்டோபரில் வெளியிட்டது. சிவப்பு அணி, நீல அணி, அணிக்கு 12 பேர். மொத்தம் ஒன்பது வகை ஆட்கள், ஆளுக்கொரு வேலை: மெடிக் அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவார், இன்ஜினியர் துப்பாக்கி எந்திரம் கட்டுவார், ஸ்பை எதிரணிக்காரர் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு பின்னால் வந்து குத்துவார். ரத்த வெறி பிடித்த விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள், கார்ட்டூன் மாதிரி இருக்கும், சிரித்துக்கொண்டே சாகலாம். 2011 ஜூனில் இதை இலவசமாக்கினார்கள். அப்போது நான் மதுரையில் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தேன், கையில் காசு கிடையாது, தோழி ஒருத்தியின் பழைய லேப்டாப்பில் சிங்கப்பூர் சர்வரில் ஏறி ஆடுவோம், வார்டன் விளக்கை அணைத்த பிறகு போர்வைக்குள் இருந்தபடி. இங்கிலீஷ் பேசப் பயந்துகொண்டிருந்த நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசக் கற்றதே அந்த ஆட்டத்தில் மெடிக்காக ஆடியபோதுதான். எங்கே அடிபட்டாய், இங்கே வா, என் பின்னால் ஸ்பை என்று கத்தியாக வேண்டுமே.

ஒன்றைச் சொன்னால் அங்கே இருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று புரியும். அந்த விளையாட்டில் சோல்ஜர் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த ரிக் மே 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்துபோனார். அந்த மே மாதம் விளையாட்டின் களங்களில் சல்யூட் அடித்து நிற்கும் சோல்ஜர் சிலையை வால்வ் வைத்தது, பக்கத்தில் போனால் அவர் குரல் கேட்கும். ஊரடங்கு நேரம், கடை மூடியிருந்தது, நான் ராத்திரி உள்ளே போனேன். சிவப்பு, நீலம் இரண்டு அணிக்காரர்களும் சுடுவதை நிறுத்திவிட்டுச் சிலையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பெங்களூர்க்காரர் இருவர், பிலிப்பைன்ஸ் பையன் ஒருத்தன், மற்றவர்கள் எந்த ஊரோ. யாரும் எதுவும் பேசவில்லை. முகம் தெரியாத மனிதர்கள் ஒன்றாகத் துக்கம் அனுசரித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பெரியவர் 'வெட்டிப் பொழுது' என்று எழுதியிருந்த இடம் இதுதான்.

அதே காலத்தில்தான் பாட்கள் அங்கே மந்தை மந்தையாக நுழைந்தன. பெரும்பாலும் ஸ்னைப்பர், அதாவது தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுகிறவர், வேஷத்தில் வரும். ஏன் ஸ்னைப்பர் என்றால், ஸ்னைப்பரின் குண்டு தலையில் பட்டால் சாதாரணமாகவே 150 புள்ளி உயிர் போகும், ஒன்பது வகை ஆட்களில் ஐந்து வகைக்கு மொத்த உயிரே அவ்வளவுதான் அல்லது அதைவிடக் குறைவு. முழுக்கக் குறிவைத்துச் சுட்டால் 450, மலை மாதிரி இருக்கும் ஹெவிக்கே 300தான். அதாவது தலையில் ஒரு குண்டு, ஆள் காலி. இதை ஒரு மனிதர் செய்ய மாதக்கணக்கில் பழக வேண்டும். பாட் புரோகிராமுக்கு அந்தக் கஷ்டமே இல்லை, ஏனென்றால் களத்தில் யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்ற கணக்கை சர்வர் எல்லோருடைய கம்ப்யூட்டருக்கும் அனுப்பித்தான் ஆக வேண்டும், அப்போதுதான் படம் வரைய முடியும். நம் கண்ணுக்குத் திரையில் தெரிவது மட்டும் தெரியும். பாட் திரையைப் பார்ப்பதே இல்லை, நேராக மெமரியில் இருக்கும் அந்த எண்களைப் படித்து, தலை இருக்கும் திசைக்குத் துப்பாக்கியைத் திருப்பிவிடும். படமே இல்லாமல் ஓடுவதால் ஒரே கம்ப்யூட்டரில் ஒன்றல்ல, பத்து இருபதுகூட ஓடவிடலாம்.

உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஆட்டம் தொடங்கும் அறையின் கதவு திறக்கிறது, ஒரு அடி வெளியே வைக்கிறீர்கள், செத்துவிட்டீர்கள். மறுபடி உயிர் வரும்வரை காத்திருந்து மறுபடி ஒரு அடி, மறுபடி சாவு. யார் சுட்டது என்று காட்டும் படத்தில் ஒரு ஸ்னைப்பர் பம்பரம் மாதிரி நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், கழுத்து வானத்தைப் பார்த்தபடி. காதில் மைக் வழியாக ஒரே இரைச்சல், காது கிழிகிற மாதிரி ஏதோ பாட்டு. எழுத்து வரும் இடத்தில் வாய்கூசும் வசவுகள், இனவெறிப் பேச்சு, வரிவரியாக. சரி, வெளியேற்றலாம் என்று ஓட்டெடுப்பு வைத்தால், உங்கள் அணியிலேயே ஐந்தாறு பாட் இருக்கும், அவை எல்லாம் சேர்ந்து எதிர்த்து ஓட்டுப் போடும். போதாக்குறைக்கு, அதே பாட்கள் உங்கள் பேரில் ஓட்டெடுப்பு வைத்து உங்களையே வெளியே தள்ளும். சில பாட்கள் உங்கள் பெயரையே எழுத்துப் பிசகாமல் காப்பியடித்து வைத்துக்கொள்ளும், எது ஆள், எது பாட் என்று தெரியாமல் ஜனங்கள் உங்களுக்கு எதிராகவே ஓட்டுப் போட்டுவிடுவார்கள்.

2020 ஜூனில் வால்வ் என்ன செய்தது தெரியுமா? பாட்கள் வசவு எழுதுகின்றன என்பதற்காக, பணம் கட்டாத புதுக் கணக்குகள் அதிகாரப்பூர்வ ஆட்டங்களில் எழுதவும் பேசவும் முடியாதபடி வாயை அடைத்தது. பாட் அதன் பிறகும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. பேச முடியாமல் போனது நிஜமான பையன்களுக்கும் பெண்களுக்கும்தான். பணம் கட்ட வழியில்லாத, 2011-ல் நான் இருந்த நிலைமையில் இருந்த ஒரு பெண் அதற்குப் பிறகு உள்ளே வந்திருந்தால் என்னை மாதிரி 'என் பின்னால் ஸ்பை' என்று கத்தியிருக்க முடியாது. எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் வலித்தது.

வால்வுக்கு பாட்களைப் பிடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2002-லிருந்தே அவர்களிடம் ஏமாற்றுக்காரரைப் பிடிக்கும் முறை இருக்கிறது. பிடித்த உடனே தடை போடாமல் கொஞ்ச நாள் விட்டு மொத்தமாகப் போடுவது அதன் பழக்கம், எதனால் மாட்டினோம் என்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டில் அது நியாயமான யோசனை, தடை விழுந்தால் மறுபடி காசு கொடுக்க வேண்டும். இலவச விளையாட்டில் தடை விழுந்தால் அடுத்த நிமிஷம் புதுக் கணக்கு, அதைத் திறக்கவும் புரோகிராம். அவர்களுடைய இன்னொரு விளையாட்டான கவுன்டர் ஸ்ட்ரைக்கில் 2013 முதலே பஞ்சாயத்து மாதிரி ஒரு ஏற்பாடு இருந்தது: சந்தேகத்துக்குரிய ஆட்டத்தின் பதிவை அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்புகளை வைத்தே ஒரு கம்ப்யூட்டர் முறையைப் பழக்கி, ஏமாற்றுபவரின் கை அசைவைக் கண்டுபிடிக்க வைத்தோம் என்று 2018-ல் வால்வ் பொறியாளர் மேடை ஏறிப் பேசினார். டீம் ஃபோர்ட்ரஸ் 2-க்கு மட்டும் அந்தப் பஞ்சாயத்து கிடைக்கவில்லை. ஆனால் விளையாட்டுக்குள் தொப்பியும் பெட்டி திறக்கும் சாவியும் விற்கும் கடை ஒரு நாளும் மூடவில்லை.

2022 மே 26 அன்று ஆட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ட்விட்டரில் கூக்குரல் போட்டார்கள். கேட்கிறது, சரிசெய்ய வேலை செய்கிறோம் என்று வால்வ் பதில் போட்டது, ஓட்டெடுப்பு முறையில் சில மாற்றங்கள் வந்தன, கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் பாட்கள் திரும்பி வந்துவிட்டன. 2024 ஜூன் 3-ல் மறுபடி தொடங்கினார்கள், இந்த முறை மனுவும் போட்டார்கள், 3 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. வால்வ் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் அந்த விளையாட்டின் மதிப்பீட்டுப் பக்கம் முழுக்கக் குமுறல். அந்த ஜூன் முடிவதற்குள் பாட் கணக்குகள் கொத்துக்கொத்தாகத் தடை செய்யப்பட்டன, ஆட்டம் திரும்ப மனிதர்கள் கையில் வந்தது.

இதைக் கொண்டாடினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் கொண்டாடி முடித்ததும் கோபம்தான் வந்தது. ஒரு மாதத்தில் இவ்வளவு செய்ய முடியுமானால் நாலு வருஷம் ஏன் எடுத்தது? 3 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டால்தான் கேட்கும் என்றால், அவ்வளவு கூட்டம் இல்லாத சின்ன விளையாட்டுகளை ஆடுகிறவர்கள் யாரிடம் போவது? கண்டுபிடிக்கத் தெரியாததால் பாட் பிழைப்பதில்லை, கண்டுபிடிப்பது யாருக்கும் அவசரமாக இல்லாததால்தான் பிழைக்கிறது. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததே இது ஒன்றுதான்.

பெரியவர் கேட்கலாம், இதனால் யாருக்கு என்ன நஷ்டம், பொம்மைச் சண்டைதானே என்று. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அக்கா பையன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். செல்லில் ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆடுவான், பெயர் வேண்டாம். போன கோடை விடுமுறையில் ஒரு நாள் கடைக்கு வந்து, "சித்தி, இதைப் பாருங்க, தானா தலையிலேயே அடிக்குது" என்று செல்லை நீட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். ஒரு சேனலில் யாரோ விற்றிருக்கிறார்கள், வாரத்துக்கு 300 ரூபாய், அம்மாவின் செல்லிலிருந்தே அனுப்பியிருக்கிறான், அவர்கள் ஒரு ஃபைல் அனுப்ப, அதே செல்லில் ஏற்றியிருக்கிறான். நான் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். அந்த ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி, திரையில் தெரிவதையெல்லாம் பார்க்க அனுமதி, மற்ற ஆப்களின் மேல் வந்து நிற்க அனுமதி. கேட்ட இடத்திலெல்லாம் பையன் 'சரி' என்று தட்டியிருக்கிறான், ஒவ்வொன்றையும் தட்டினால்தான் ஹேக், அதாவது ஆடுகிறவருக்குத் திருட்டுத்தனமாகக் கைகொடுக்கும் அந்தப் புரோகிராம், வேலை செய்யும் என்று வீடியோ போட்டுக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். உடனே அழித்தேன், ஆனால் லேட். அதற்கு முந்தின நாள் ராத்திரியே அக்காவின் கணக்கிலிருந்து 4,800 ரூபாய் போயிருந்தது, ஓடிபி வந்த எஸ்எம்எஸ்ஸைக்கூட அக்கா பார்க்கவில்லை. சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு போன் போட்டுப் புகார் கொடுத்தோம். பணம் இன்னும் வரவில்லை. அந்த வாரமே அவனுடைய விளையாட்டுக் கணக்கும் தடையாகிவிட்டது, இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் போச்சு. பையன் மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை.

நான் அவனைத் திட்டவில்லை. ஏன் வாங்கினாய் என்று கேட்டதற்கு, "எல்லாரும் வெச்சிருக்காங்க சித்தி, நான் மட்டும் செத்துட்டே இருந்தேன்" என்றான். பாட்களும் ஹேக்கும் செய்கிற பெரிய கெடுதல் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நேர்மையாக ஆடுகிற பிள்ளைக்குத் தான் ஏமாளி என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததாகவும் நினைக்க வேண்டாம். 2018 ஏப்ரலில் சீனாவில் பப்ஜி ஹேக் தயாரித்து விற்ற 15 பேரைப் போலீஸ் பிடித்தது, 3 கோடி யுவான் அபராதம். அவர்கள் விற்ற சிலவற்றில் வாங்கியவரின் கம்ப்யூட்டரிலிருந்தே தகவலைத் திருடும் வைரஸ் வைத்திருந்தார்கள் என்று விளையாட்டை உருவாக்கிய கொரிய நிறுவனமே சொன்னது. அமெரிக்காவில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டைத் தானாக ஆடும் கிளைடர் என்ற பாட் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது, அந்த விளையாட்டை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனம் கோர்ட்டுக்குப் போய்த்தான் அதை நிறுத்த முடிந்தது. இதெல்லாம் பொழுதுபோகாத பையன்களின் குறும்பு இல்லை, நல்ல வருமானம் வருகிற வியாபாரம்.

தென்கொரியா இதைக் குற்றமாகவே பார்க்கிறது. நிறுவனம் அனுமதிக்காத ஹேக் மென்பொருளைச் செய்து பரப்பினால் சிறை அல்லது அபராதம் என்று 2016-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் வந்தது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். அதை நான் மனதார வரவேற்கிறேன், ரம்மியால் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பம் அழிந்தது என்று உங்கள் பத்திரிகையிலேயே படித்திருக்கிறேன், தமிழ்நாடு அதற்கு முன்பே 2022-ல் தனியாகச் சட்டம் போட்டது. ஆனால் அதே மத்தியச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை, அதாவது போட்டியாக ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, முறையான விளையாட்டாக ஏற்று, வளர்க்கப் போகிறோம் என்றும் சொல்கிறது. அப்படியென்றால் ஓட்டப்பந்தயத்துக்கு ஊக்கமருந்துச் சோதனை நடத்த ஒரு தேசிய முகமை இருக்கிற மாதிரி இதற்கும் ஒன்று வேண்டாமா? 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டியில் இந்திய அணி வீரர் ஒருவர் குறிபார்க்கும் புரோகிராமோடு பிடிபட்டார், நடுவர் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்ததும் அதை அழிக்கப் பார்த்தார், அதற்கு வேர்ட் என்று பெயர் வைத்திருந்தார். அணி வெளியேற்றப்பட்டது, அந்த அணியே கலைக்கப்பட்டது. ஒருத்தர் செய்ததற்குக் கூட ஆடியவர்களும் தலைகுனிந்து ஊர் திரும்பினார்கள். அங்கே முதுகுக்குப் பின்னால் ஒரு நடுவர் நின்றார், அதனால் பிடிபட்டது. வீட்டில் உட்கார்ந்து ஆடுகிறவருக்குப் பின்னால் யார் நிற்பது?

சில நிறுவனங்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே கூடவே ஏறி அதன் அடிமடி வரை பார்க்கிற காவல் மென்பொருள். 2020-ல் வந்த வேலரன்ட் விளையாட்டில் அப்படித்தான். அது ஓரளவு வேலையும் செய்கிறது. ஆனாலும் என் கடையில் அதை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை, அந்தக் கம்ப்யூட்டர்களில்தான் ஊர்க்காரர்களின் ஆதார், பான், மார்க் ஷீட் எல்லாம் போய் வருகிறது. ஆடுகிறவரின் கம்ப்யூட்டருக்குள் நுழைவதைவிட, சர்வர் பக்கத்தில் ஆள் போட்டுக் கவனிப்பதுதான் முறை என்று நினைக்கிறேன். செலவுதான், இருக்கட்டும். நம்மிடம் வாங்குகிற காசில் செய்யட்டும்.

உங்களிடம் நான் கேட்பது, இந்த விஷயத்தை 'விளையாட்டு மோகம்' என்ற ஒரே தலைப்புக்குள் அடைத்துவிடாமல் நிருபர் ஒருவரை அனுப்பி விசாரித்து எழுதுங்கள். ஹேக் விற்கும் சேனல்கள் தமிழிலேயே நடக்கின்றன, தமிழிலேயே வீடியோ போடுகிறார்கள், வாடிக்கையாளர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எந்த ஊரில் பையன்களைக் கேட்டாலும் நாலு சேனலாவது காட்டுவார்கள்.

கடிதம் நீளமாகிவிட்டது, தெரிகிறது. இடம் போதாமல் வெட்டத்தான் வேண்டும் என்றால் என் கல்லூரிக் கதையையும் சட்டம் பற்றியதையும் வெட்டிக்கொள்ளுங்கள். அக்கா பையனின் செல்லில் நான் பார்த்த அனுமதிகளைப் பற்றிய பகுதியை மட்டும் அப்படியே போடுங்கள், பிள்ளைகளிடம் தங்கள் செல்லைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள் படிக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
பெரியகுளம்